கொடுக்கிற கை எது?

ஆசிரியருக்கு,

வசதி வந்தால்தான் கொடுக்க மனம் வரும் என்கிறார்கள். எங்கள் தெருவில் ஆடிக் கூழுக்கு வசூல் நடக்கும்போது பூக்காரம்மா சுருக்குப்பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டுவார். ரசீது கேட்க மாட்டார். மாடிவீட்டுக்காரர் ஒரு டியூப்லைட் தருவார், வெளிச்சமே தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயரோடு!

வருமானத்தை மட்டும் வைத்து இதைக் கணக்கிட முடியாது. பொறுப்புகளும் உண்டு. 2023-ல் பத்மஸ்ரீ பெற்ற பாலம் கல்யாணசுந்தரம், நூலகராக வாங்கிய சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்தவர். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்கடன் தவணையும் பிள்ளைகளின் ஃபீஸும் கட்டுகிறவரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா?

அப்படிப்பட்டவருக்கு வரிச்சலுகை ஒரு தூண்டுகோல். ஆனால், நன்கொடைக்காக வரிக்குரிய வருமானத்தில் குறைத்துக்கொள்ளும், 80ஜி என்று நாம் அறிந்த கழிவு, பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அங்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. சம்பளக்காரர்கள் பலர் புதிய முறைக்கு மாறிவிட்ட நிலையில், அதிலும் நன்கொடைக்குச் சிறிதளவாவது கழிவு தர மத்திய நிதி அமைச்சகம் முன்வர வேண்டும்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி