கடைக்கோடித் தொடக்கப்பள்ளித் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத் திருப்பணி முடிந்துவிட்டது. கூரை ஒழுகவில்லை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, ஆசிரியர் குடியிருப்பில் ஆள் குடியேறியாயிற்று. ஆனால் முதல் கூட்டத்தில் நாங்கள் விரித்துக் காட்டிய வரைபடத்தில் இருந்த முகப்பு வளைவும், சுற்றுச்சுவரின் பின்பாதியும் கட்டப்படவில்லை. அந்தப் பணம் வேறு வேலைக்குப் போயிருக்கிறது. பொதுக்குழுவில் ஒப்புதல் வாங்கித்தான் செய்தோம் என்றாலும், அன்றைக்கு வர முடியாதவர்கள் பலர். அவர்களுக்குக் காரணம் சொல்லும் கடமை குழுவுக்கு உண்டு.

முதலில் கட்டட வேலை. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, இரண்டு ஆசிரியர்கள் என்ற நிலையில்தான் பள்ளியைக் கையில் எடுத்தோம். ஓடுகளைப் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றி, அறையை நடுச்சுவர் வைத்து இரண்டாக்கினோம். செங்கல்லும் மணலும் ஓடைக்கு இக்கரை வரைதான் லாரியில் வந்தன, அதன்பிறகு எல்லாமே தலைச்சுமை. முதல் நடையில் வந்த சிமெண்டு மூட்டைகளில் சில ஈரம்பட்டுக் கட்டிதட்டிப் போயின. தார்ப்பாய் இல்லாமல் இறக்கியது எங்கள் தவறு. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை கட்டியிருக்கிறோம். கைகழுவும் குழாய்களைச் சிறுவர் உயரத்துக்கு இறக்கி வைத்ததைக் கொத்தனார் முதலில் ஏற்கவில்லை. இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட யார் தயவும் இல்லாமல் திறந்து மூடுகிறது.

ஆசிரியர் குடியிருப்பு எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டிய ஆசிரியருக்குப் பள்ளி மணி பாதியிலேயே அடித்துவிடும். மழை வலுத்தால் அவர் வரவே முடியாது. இது நம் ஊரின் குறை மட்டுமில்லை. 2000களின் தொடக்கத்தில் வங்கதேசம், ஈக்வடார், இந்தியா, இந்தோனேசியா, பெரு, உகாண்டா ஆகிய ஆறு நாடுகளின் தொடக்கப்பள்ளிகளுக்கு ஆய்வாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தபோது, சராசரியாக 19 சதவீத ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. நம் பள்ளியைப் பொறுத்தவரை ஆசிரியரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பாதையைத்தான் குறை சொல்ல வேண்டும். பாதை போடுவது நம் கையில் இல்லை, தங்க ஒரு வீடு கட்டுவது நம் கையில் இருந்தது.

இனி, வளைவும் பின்சுவரும் ஏன் கட்டப்படவில்லை என்பதைப் பற்றி. கூரை பிரித்திருந்த வாரங்களில் வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. அந்த நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னோம். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம், பிள்ளைகளின் வாசிப்பை அறிய 2005 முதல் இந்தியக் கிராமங்களில் நடத்திவரும் 'அசர்' கணக்கெடுப்பின் முறைதான் அது. ஒரே தாளில் எழுத்து, சொல், சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. எந்தப் படியில் பிள்ளை நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2018-இல் இந்தியக் கிராமங்களின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரால்தான் அந்தக் கதையை வாசிக்க முடிந்தது என்று முன்பே படித்திருந்தோம். ஆனாலும் நம் பிள்ளைகள் சொல்லிலேயே தடுக்கி நின்றதை நேரில் பார்த்தபோது நெஞ்சு கனத்துவிட்டது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாடநூலின் பக்கத்தை மளமளவென்று சொன்னாள். மகிழ்ந்துபோய்ப் பக்கத்தில் குனிந்து பார்த்தால், அவள் விரல் ஒரு வரியில் இருந்தது, வாய் வேறொரு வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்தாண்டு பள்ளிக்கு வந்து அவள் கற்றுக்கொண்டது மனப்பாடம் மட்டும்தான். அன்று மாலையே குழு கூடியது.

எல்லாருக்கும் புதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. மேற்குக் கென்யாவில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இலவசமாகப் பாடநூல் கொடுத்த பள்ளிகளில் சராசரி மதிப்பெண் உயரவில்லை, ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. வாசிக்கத் தெரியாத கையில் புத்தகம் சுமைதான்.

பலன் தந்தது வேறு வழி. வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவைத்துவிட்டு, பிள்ளை நிற்கும் படியிலிருந்து கற்பிப்பது. மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை, உள்ளூர் இளம்பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைத் தனிக்குழுவாக வைத்து அடிப்படைகளைச் சொல்லிக் கொடுத்ததில் மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்தன. இதை ஆராய்ந்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு. கென்யப் பாடநூல் ஆய்வில் இருந்த மைக்கேல் கிரெமருடன் சேர்த்து 2019-இல் அவர்களுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

நாங்களும் அப்படியே செய்தோம். பின்சுவருக்கு வைத்திருந்த செங்கல்லில் வாசிப்புக் கொட்டகை எழுந்தது. வளைவுக்கு ஒதுக்கிய தொகை கதைப் புத்தகங்களுக்கும் எழுத்து அட்டைகளுக்கும் ஓர் உதவியாளரின் ஊதியத்துக்கும் போனது. அவர் ஊர்ப்பெண், பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியைப் பேசுபவர். பள்ளி மொழியும் வீட்டு மொழியும் வேறாக இருக்கும் நம் ஊரில் இதுவே பெரிய மாற்றம் என்பது எங்கள் எண்ணம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன்பெல்லாம் வாய் திறக்கவே மாதக்கணக்காகும். தாய்மொழியே முதல் கல்விக்கு ஏற்றது என்று யுனெஸ்கோ 1953-இலேயே எழுதிவைத்துவிட்டது.

நாளும் காலையில் ஒரு மணி நேரம் வகுப்புப் பிரிவு கிடையாது. எழுத்துக் குழு, சொல் குழு, கதைக் குழு மட்டும்தான். மற்ற நேரத்தில் ஓர் ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்க, பிள்ளைகள் தாமே படித்துச் செய்யும் தன்கற்றல் அட்டைகள் உதவுகின்றன. கொலம்பியாவின் கிராமங்களில் 1970களில் பிறந்த 'எஸ்குவேலா நுவேவா' முறையிலும், ஆந்திரத்தின் ரிஷி வேலி கிராமப் பள்ளிகளிலும் இதே வழிதான்.

குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளையும் பள்ளி நாட்காட்டியில் சேர்த்தாயிற்று.

மறுசோதனையில் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு படியாவது ஏறியிருக்கிறார்கள். பெயரில்லாத பட்டியல் பள்ளிச் சுவரில் இருக்கிறது, வந்து பாருங்கள். அந்தச் சிறுமி இப்போது பத்தியைத் தானே கூட்டி வாசிக்கிறாள். கதை இன்னும் வரவில்லை. அறுவடைக் காலத்தில் வராமல் நின்றுவிடும் பிள்ளைகளை என்ன செய்வது என்பதில் மட்டும் எங்களுக்கு வழி தெரியவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினோம், பாதி வீட்டில்தான் பலித்தது.

வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் பொருளாளரிடம் உள்ளன. சாவிகளைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டோம். தொட்டிக்கு வரும் ஊற்றுக் குழாயில் பாசி அடைக்கிறது, மாதம் ஒருமுறை கழுவ முறை வைத்துக்கொள்ள வேண்டும். உதவியாளரின் ஊதியம் இந்தக் கல்வியாண்டு முடிய மட்டுமே கையில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு என்ன செய்வது என்பதை வரும் பொதுக்குழுவில் முதல் பொருளாக வைத்திருக்கிறோம். வளைவுக்கென்றே தனியாகப் பணம் கொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பெற விரும்பினால், கூட்டத்துக்கு முன் பொருளாளரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்