ஜாக் ரஸ்ஸல் வாங்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜாக் ரஸ்ஸல் இன நாய் வாங்கப் போகிறோம் என்று பேரன் போனில் சொன்னதில் இருந்து உன் அம்மா அதற்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான். இத்தனை வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்பதால், சொல்ல வேண்டியதை நிதானமாக எழுதிவிடுகிறேன்.

சின்ன நாய், நம் வீட்டுக்குப் போதும் என்கிறார் மாப்பிள்ளை. பத்துப் பன்னிரண்டு அங்குல உயரம், ஐந்தாறு கிலோ எடை, அது சரி. ஆனால் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உருவான இனம் இல்லை இது. இங்கிலாந்தில் டெவனைச் சேர்ந்த ஜான் ரஸ்ஸல் என்பவர், பின்னாளில் பாதிரியார் ஆனவர், 1819இல் ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது ட்ரம்ப் என்ற வெள்ளைப் பெட்டை டெரியரை, அதாவது சின்ன வேட்டை நாயை, வாங்கினார். அதிலிருந்து தொடங்கிய வம்சம். நரி பதுங்கிய வளைக்குள் புகுந்து அதை வெளியே விரட்டுவதுதான் வேலை. மண்ணுக்கடியில் எஜமானின் குரல் எட்டாது, நாயே முடிவெடுக்க வேண்டும். குரைப்பது, தோண்டுவது, அணிலைக் கண்டால் நீ கூப்பிடக் கூப்பிட ஓடுவது எல்லாமே அந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த குணங்கள். அவற்றுக்காக அதை யாரும் ஒருநாளும் அடிக்கக் கூடாது. இதற்கு மனம் ஒப்பினால் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், காப்பகத்தில் இருக்கும் மூன்று நாலு வயது நாயே உங்களுக்கு நல்லது. இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், பேரனுக்கு ஆறு வயதுதான். வளர்ந்த நாயின் குணம் பார்த்த உடனே ஓரளவு தெரிந்துவிடும். குழந்தைகளோடு பழகியதா என்று மட்டும் துருவித் துருவிக் கேள்.

குட்டிதான் வேண்டும் என்றால், தாயோடு சேர்த்துப் பார்க்காமல் வாங்காதே. நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் இருந்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைக் கடைக்காரரும் தரகரும் விற்க முடியாது. தாய் உன்னிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனி. பயந்து உறுமும் தாயின் குட்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன்னால் பிரிக்கக் கூடாது. டெரியர்களுக்குக் கண்ணின் லென்ஸ் இடம் நழுவும் பரம்பரை நோய் உண்டு, கவனிக்காவிட்டால் பார்வையே போகும். பெற்ற இரண்டு நாய்களுக்கும் அதற்கான மரபணுப் பரிசோதனை செய்த சான்றைக் கேட்டு வாங்கு.

அப்புறம், தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே போக வேண்டும், மழையானாலும் சரி. நடை மட்டும் போதாது, மூக்குக்கு வேலை வேண்டும். அதன் சாப்பாட்டில் ஒரு பங்கைத் தட்டில் வைக்காமல் புல்லில் தூவிவிடு, பழைய துணி திணித்த அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வை. தோட்டத்தில் ஒரு மூலையில் மணல் கொட்டி, தோண்டுவதற்கென்றே விட்டுவிடு. வேலிக்கு அடியில் கம்பிவலை புதைக்கச் சொல். கூப்பிட்டால் வரும் பழக்கம் உறுதியாகும்வரை நீளக் கயிற்றை அவிழ்க்காதே. நாலு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடாதே.

பேரன் வளர்க்கும் ஹாம்ஸ்டரை, அந்தச் சின்ன எலி மாதிரியான பிராணியை, எந்த நாளும் நாயோடு ஒரே அறையில் விடக் கூடாது. நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடு. அவனையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியாக விடாதீர்கள்.

வெங்காயம் நாய்க்கு ஆகாது, நம் வீட்டுச் சாப்பாட்டில் அது இல்லாதது எது? சாம்பார் சாதம் கொடுத்துவிடாதே. அம்மா அனுப்பும் கிஸ்மிஸும் அதற்கு விஷம், சிறுநீரகம் கெட்டுவிடும். சாக்லேட்டையும் எட்டாத உயரத்தில் வை.

லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி 2022இல் வெளியிட்ட கணக்கில், பார்த்த இனங்களிலேயே அதிக ஆயுள் இதற்குத்தான், சராசரி 12.7 வருடம். பேரன் கல்லூரி போகும்வரை உங்களோடு இருக்கக்கூடிய உயிர். பகலில் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று மாப்பிள்ளையோடு பேசி எனக்கு எழுது. குட்டியைப் பார்க்கப் போனால், முன்பணம் கொடுக்கும் முன் அந்தப் பரிசோதனைத் தாளைப் படம் பிடித்து அனுப்பு, நான் படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா