வகுப்பறையில் பிள்ளைகள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் நீ கேட்டதற்குச் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. உட்கார்ந்து எழுதினால்தான் முழுவதும் சொன்ன மாதிரி இருக்கும் என்று தோன்றியது. காலையில் வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டைப் பார்த்து "நான் புத்திசாலி, என்னால் எல்லாம் முடியும், எனக்குக் கணக்கு நன்றாக வரும்" என்று சேர்ந்து சொல்கிறார்கள் என்றாய். ஒரு பையன் மட்டும் உதட்டைக்கூட அசைப்பதில்லை, அவனைச் சொல்ல வைக்கவா, விட்டுவிடவா என்று கேட்டாய்.

சொல்ல வைக்காதே. அவன் அடம்பிடிக்கவில்லை. தன்னைப் பற்றித் தானே நம்பாத ஒன்றைப் பத்துப் பேர் கேட்கச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "எனக்குக் கணக்கு நன்றாக வரும்" என்று வாய் சொல்லும்போதே, "போன டெஸ்டில் எவ்வளவு வாங்கினாய்?" என்று உள்ளே இன்னொரு குரல் கேட்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் குரல் கேட்காது. கணக்கைக் கண்டாலே பயப்படுகிற பிள்ளைக்குத்தான் கேட்கும். நாம் யாருக்காக அந்த வாக்கியத்தை எழுதினோமோ அந்தப் பிள்ளையையே அது குத்துகிறது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். "நான் நேசிக்கத் தகுந்தவன்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அதனால் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மனம் இன்னும் சோர்ந்துபோனது. அந்தப் பையன் எந்த ஆராய்ச்சியும் படிக்காமலே தன்னைக் காத்துக்கொள்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதற்காகச் சார்ட்டைக் கிழித்துப் போட்டுவிடாதே. பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு டீச்சர் கவலைப்படுவதே பெரிய விஷயம். பலர் அந்தப் பக்கமே போவதில்லை. வாக்கியங்களை மட்டும் மாற்று. "நான் இப்படிப்பட்டவன்" என்ற வாக்கியங்களை எடுத்துவிட்டு, "நான் இதைச் செய்வேன்" என்ற வாக்கியங்களை வை.

நெதர்லாந்தில் சாண்டர் டோமாஸ் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று இதற்கு நேராகப் பொருந்துகிறது. 9 முதல் 13 வயது வரையுள்ள 212 பிள்ளைகள் ஒரு கணக்குத் தேர்வில் பாதியை எழுதினார்கள். நடுவில் நிறுத்தி, சிலரை "என்னால் முடிந்தவரை நன்றாகச் செய்வேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். சிலரை "நான் இதில் ரொம்பக் கெட்டிக்காரன்" என்று. சிலரை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. பிறகு மீதிப் பாதியை எழுத வைத்தார்கள். தனக்குக் கணக்கு வராது என்று நினைத்த பிள்ளைகளில், முயற்சியைச் சொல்லிக்கொண்டவர்கள் இரண்டாம் பாதியில் முன்னைவிட நன்றாக எழுதினார்கள். கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு இது சரியாகவே படுகிறது. முயற்சி செய்வேன் என்பதை எந்தப் பிள்ளையும் பொய் என்று நினைக்க வேண்டியதில்லை. அது அவன் கையில் இருக்கிறது.

ஆனால் நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. அந்தப் பிள்ளைகள் வாக்கியத்தைக் காலையில் எழுந்து நின்று சொல்லவில்லை. தேர்வின் நடுவில், பென்சில் கையில் இருக்கும்போது சொன்னார்கள். காலை எட்டரைக்குச் சொன்னது பதினொரு மணிக் கணக்குப் பீரியடில் ஞாபகம் வராது. பிள்ளைக்குச் சொல் தேவைப்படும் நேரம் எது தெரியுமா? கணக்கை வாசித்து, ஒன்றும் புரியாமல், பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கலாமா என்று கண் திரும்புகிற அந்த நேரம். அப்போது அவனுக்குள் ஓடுவது பெரும்பாலும் "எனக்கு வராது" என்பதுதான். அந்த இடத்தில் வேறு ஒன்று ஓட வேண்டும்.

அதை எப்படி வரவழைப்பது? சின்னக் குழந்தைகள் விளையாடும்போது தனக்குத் தானே பேசிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பாய். "இத இங்க வைக்கணும், அய்யோ விழுந்துடுச்சு, பெரிசு கீழ இருக்கணும்." ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி அதை வெறும் உளறல் என்று ஒதுக்கவில்லை. பெரியவர்கள் குழந்தையிடம் பேசுவது முதலில் குழந்தையின் சத்தமான பேச்சாகிறது, பிறகு அதுவே உள்ளே போய் யோசனையாகிறது என்றார். 1971-ல் மைக்கன்பாம், குட்மன் என்ற இருவர் இதையே ஒரு பயிற்சியாக்கினார்கள். அவசரக்காரப் பிள்ளைகளுக்கு முதலில் பெரியவர் சத்தமாகப் பேசிக்கொண்டே வேலையைச் செய்து காட்டுவார். அடுத்து அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்யும். பிறகு பிள்ளையே சத்தமாகச் சொல்லிச் செய்யும், அப்புறம் முணுமுணுத்து, கடைசியில் வாய் திறக்காமல். நான் வகுப்பில் நின்ற காலத்தில் இந்த வரிசையைப் போல உதவிய இன்னொன்று இல்லை.

பின்னக் கணக்கு நடத்தப் போகிறாய் என்றாயே, அதையே எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் 2/3 + 1/4 என்று எழுது. பிள்ளைகள் பக்கம் திரும்பாமல், நீயே அந்தக் கணக்கை முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி பேசு. "ரெண்டும் பின்னம். கூட்டணும். மேல மேல கூட்டி, கீழ கீழ கூட்டினா 3/7 வருது." எழுது. அப்படியே நில். "இது சரியா? மூணுல ரெண்டு பங்குங்கிறதே பாதிக்கு மேல. அதோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கேன். 3/7 பாதிகூட இல்லையே. அப்ப எங்கயோ தப்பு. பரவாயில்ல, எங்கன்னு பார்ப்போம். கீழ இருக்கிற எண் வேற வேற. பங்கோட அளவே வேற. அளவை ஒண்ணாக்கணும். மூணும் நாலும் சேர்ந்து போற எண்... பன்னிரண்டு. 2/3 எட்டாகும், 1/4 மூணாகும். எட்டும் மூணும் பதினொண்ணு. 11/12. பாதிக்கு மேல, முழுசுக்குக் கீழ. இது சரியாத்தான் இருக்கும்."

இதில் பாதிப் பேச்சு கணக்கைப் பற்றியது, மீதி தன்னைப் பற்றியது. "அப்ப எங்கயோ தப்பு, பரவாயில்ல, எங்கன்னு பார்ப்போம்" என்பதுதான் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டிய சுயபேச்சு. தப்பு வந்த இடத்தில் டீச்சர் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை, பயப்படவில்லை, அடுத்த வேலையைத் தேடினார் என்பதை அவர்கள் காதால் கேட்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே சரியாகப் போட்டுக் காட்டினால் கணக்கு தெரியும். மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது தெரியாது. பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, பேசிக்கொண்டே அடுத்த கணக்கைப் போடச் சொல். வகுப்பில் முணுமுணுப்புச் சத்தம் வரும். வரட்டும். அமைதியான வகுப்புதான் நல்ல வகுப்பு என்று யாராவது ஜன்னல் வழியாக முறைத்தால் பொறுத்துக்கொள்.

சார்ட்டில் இருக்கும் வாக்கியங்களை நீயே எழுதாமல், ஆளுக்கொன்று அவர்களையே எழுதச் சொல். "எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறாய்? அப்போது மனதுக்குள் என்ன ஓடுகிறது?" என்று முதலில் கேள். வாயால் சொல்லக் கூச்சப்படுவார்கள், துண்டுச் சீட்டில் எழுதித் தரட்டும். "அதற்குப் பதிலாக என்ன சொல்லிக்கொண்டால் உனக்கு அடுத்த அடி வைக்க முடியும்?" என்பது அதன்பிறகு. "கேள்வியை இன்னொரு தடவை மெதுவாகப் படிப்பேன்." "தெரிந்ததை முதலில் எழுதிவிடுவேன்." "தெரியாத சொல் வந்தால் நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவசரம் இல்லை." இப்படித்தான் வரும், பார்க்கச் சாதாரணமாக இருக்கும். நீ அதை மெருகேற்றப் போகாதே. ஒரு வாக்கியம் தேறுமா என்று பார்க்க நான் வைத்திருந்த கேள்வி இதுதான்: இதை இந்தப் பிள்ளை இன்றைக்கே நம்புமா, சொன்ன உடனே கை எதையாவது செய்யத் தொடங்குமா? இரண்டும் இருந்தால் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். மற்றவர்கள் பார்க்கத் தேவையில்லை.

இன்னொரு பயிற்சியும் உண்டு. வருடத்தின் தொடக்கத்தில், மதிப்பெண் பயம் ஆரம்பிக்கும் முன்பே செய்ய வேண்டியது. "உனக்கு வாழ்க்கையில் முக்கியமானது எது, ஏன்?" என்று கால் மணி நேரம் எழுதச் சொல்வது. குடும்பம், நட்பு, பாட்டு, விளையாட்டு, சாமி, எதுவானாலும் சரி. தன்னைப் புகழ்ந்து ஒரு வரிகூட எழுத வேண்டாம். அமெரிக்காவில் ஜெஃப்ரி கோஹன் குழுவினர் ஏழாம் வகுப்பில் இதைச் செய்து 2006-ல் எழுதினார்கள். "உன் இனத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது" என்ற பேச்சின் பாரத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த கறுப்பினப் பிள்ளைகளின் மதிப்பெண் அந்தப் பருவத்தில் உயர்ந்தது. பின்னால் பல பள்ளிகளில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது சில இடங்களில் பலன் சிறிதாக இருந்தது, சில இடங்களில் காணவே இல்லை. அதனால் இதை மந்திரம் என்று நினைக்காதே. ஆனாலும் செய். ஒரு பிள்ளைக்கு எது முக்கியம் என்று தெரிந்துகொண்டால் உனக்கே அந்தப் பிள்ளையிடம் பேசும் விதம் மாறிவிடும்.

பேச்சு என்றதும் நினைவு வருகிறது. பிள்ளைகளின் சுயபேச்சில் பாதி நம்முடைய வாயிலிருந்து போனதுதான். "உன் மண்டையில் ஏறவே ஏறாது" என்று நீ சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் "நீ புத்திசாலிப் பிள்ளை" என்று நிறையச் சொல்வாய், சின்ன வயதில் பொம்மைகளுக்குப் பாடம் எடுக்கும்போதே சொல்வாய். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998-ல் காட்டியது இது: புத்திசாலித்தனத்தைப் பாராட்டப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்ற பிறகு தொடர அவ்வளவு விருப்பம் காட்டவில்லை. உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் தொடர விரும்பினார்கள். நோட்டு திருத்தும்போது "வெரி குட்" என்பதற்குப் பதிலாக "இரண்டாவது வரியில் நீயே தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறாய்" என்று எழுது. நேரம் பிடிக்கும். எல்லா நோட்டிலும் முடியாது. நாளுக்கு ஐந்து நோட்டில் எழுதினாலும் போதும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும், சொல் இல்லை. எழுத்தே பிடிபடாத பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லித் தர வேண்டும். பசித்த பிள்ளைக்குச் சோறு. வீட்டில் பெரிய துக்கம் நடந்து வந்திருக்கும் பிள்ளையை "நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று சொல்ல வைப்பது கொடுமை. அந்தப் பிள்ளை தன் துக்கத்தைச் சொல்ல இடம் வேண்டும். உன்னால் தாங்க முடியாத அளவு என்றால், அதற்கென்று பயின்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்.

கடைசியாக உன்னைப் பற்றி. போன வாரம் வகுப்பு கை மீறிப் போனது என்று சொல்லும்போது, "நான் டீச்சர் வேலைக்கே லாயக்கில்லம்மா" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "இன்றைக்கு நடத்திய பாடம் பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை" என்று சொல்லியிருந்தால், எந்த இடத்தில் நழுவியது என்று பார்க்க வழி இருக்கிறது. லாயக்கில்லை என்பதில் ஒரு வழியும் இல்லை. ஈதன் கிராஸ் என்பவர் 2014-ல் எழுதியதை உனக்காகவே குறித்து வைத்தேன். பதற்றமான நேரத்தில் "நான்" என்று யோசிக்காமல் தன் பெயரைச் சொல்லித் தன்னோடு பேசுகிறவர்கள் அந்த நேரத்தை நிதானமாகக் கடக்கிறார்களாம். வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமுக்கு நடக்கும்போது, நான் உன்னிடம் பேசுவேனே, அப்படி உன் பெயரைச் சொல்லி உன்னிடம் பேசு. "சரி, இன்னைக்கு இப்படி ஆச்சு. நாளைக்கு முதல் பத்து நிமிஷம் என்ன பண்ணப் போற?" என்று கேள். பதில் வரும் வரை நட.

பின்னம் முடிந்ததும் கட்டுரை வகுப்பிலும் இதைச் செய்து பார்க்க ஆசை என்றாயே, கட்டுரையில் யோசனையைச் சத்தமாகச் சொல்லிக் காட்டுவது கணக்கைவிடக் கடினம். முதல் வரி வராமல் தவிப்பதைப் பிள்ளைகள் முன் நின்று காட்ட வேண்டும். அதற்கு நான் வைத்திருந்த சில வழிகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்குள் ஆளுக்கொரு வாக்கியம் எழுதி வாங்கிவிடு.

அன்புடன்,
அம்மா