கணினிகள் ஒன்றையொன்று காணவில்லை என்பதற்காக ஃபயர்வாலை நிறுத்தலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் இரண்டு, மூன்று கணினிகள் இருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால் ஒன்றில் உள்ள கோப்பை இன்னொன்றில் திறக்க முயன்றால், அந்தக் கணினியின் பெயரே பட்டியலில் தென்படுவதில்லை. இதைச் சரிசெய்ய வருகிறவர்களில் சிலர், வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் காவலான ஃபயர்வாலை நிறுத்திவிட்டு, எஸ்.எம்.பி. 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையையும் இயக்கி வைத்துவிட்டுச் செல்கிறார்கள். வங்கி விவரங்களும் குடும்பப் படங்களும் உள்ள கணினியைக் காவலின்றி விட்டுச்செல்லும் இந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீய மென்பொருள், எஸ்.எம்.பி. 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குப் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல அதனால் சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது எஸ்.எம்.பி. 1 தானாகச் சேர்வதில்லை. நெட்வொர்க்கில் உள்ள கணினிகளின் பெயர்களைத் திரட்டித் தந்த பழைய முறை அதைச் சார்ந்தே இயங்கியதால், பலருடைய நெட்வொர்க் பட்டியல் வெறுமையானது. 2018இல் 1803 பதிப்பில், வீட்டுக் கணினிகளுக்குள் கோப்புகளை எளிதாகப் பகிர உதவிய ஹோம்குரூப் வசதியும் நீக்கப்பட்டது. ஆகவே, பட்டியலில் பெயர் தெரியாவிட்டாலும் இணைப்பு நன்றாகவே இருக்கக்கூடும் என்பதைப் பழுது பார்ப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு கணினிகளும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில் உள்ளனவா என்பதுதான். பெரும்பாலான வீடுகளில் சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், ஃபைபர் இணைப்புடன் வந்த மோடம் கீழ்த்தளத்தில் இருக்க, மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி, அதன் வான் (WAN) எனப்படும் இணைய இணைப்புத் துளையில் கேபிளைச் செருகியிருந்தார்கள். கீழே இருந்த கணினியின் ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், 192.168.1.7, மாடியில் இருந்த லேப்டாப்பின் முகவரி 192.168.0.12. மூன்றாவது எண் மாறியிருந்ததே போதும், இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு நெட்வொர்க்கை உருவாக்கிக்கொண்டது என்று அறிய. இத்தகைய அமைப்பில் மாடியிலிருந்து கீழ்க் கணினியை முகவரி கொடுத்து எட்டிவிடலாம், கீழிருந்து மாடியை எட்ட முடியாது. அந்த வீட்டில் ஃபயர்வாலையும் ஆன்டிவைரஸையும் ஏற்கெனவே ஒருவர் நிறுத்தியிருந்தார். அதனால் பயன் ஏதும் விளையவில்லை. மாடி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்ஸஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றியதும், ஃபயர்வாலை மீண்டும் இயக்கிய பிறகும், இரு கணினிகளும் ஒன்றையொன்று கண்டன. முகவரி 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இணைந்த சாதனங்களோ பிறவற்றைக் காணாதபடி பெரும்பாலும் வேண்டுமென்றே தடுக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது, விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று கருதுகிறதா, பிரைவேட் என்று கருதுகிறதா என்பது. பப்ளிக் என்றால், ரயில் நிலையத்து வைஃபையில் இருப்பதுபோல் கணினி தன்னை மறைத்துக்கொள்ளும். சொந்த வீட்டு இணைப்பைப் பிரைவேட் என்று மாற்றி, கணினிகள் ஒன்றையொன்று கண்டறிய உதவும் நெட்வொர்க் டிஸ்கவரியையும் கோப்புப் பகிர்வையும் அனுமதித்தால், ஃபயர்வால் இயங்கிக்கொண்டே தேவையான வாசல்களை மட்டும் திறந்துவிடும். அதன் பிறகும் பெயர் தெரியாவிட்டால், விண்டோஸின் பின்னணிச் சேவைகளைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்பது இயங்குகிறதா என்று பார்த்து, அதை ஆட்டோமேட்டிக் என்று வைக்க வேண்டும். பெயரை மற்றக் கணினிகளுக்கு அறிவிக்கும் புதிய முறை அதுதான். வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸும், இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். செயலியும் தடையாக இருப்பதுண்டு. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் அதன் அமைப்புகளில் கைவைக்காமல் இருப்பதே முறை.

பட்டியலை நம்பாமல், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளை இட்டு, மற்றக் கணினியின் பெயரையோ ஐ.பி. முகவரியையோ தட்டச்சு செய்து பார்க்கலாம். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் நெட்வொர்க்கில் குறையில்லை என்பது உறுதி. அந்த இடத்தில் பலர், தினமும் கணினியைத் திறக்கும் பின் (PIN) எண்ணை இட்டுவிட்டு, ஏற்கவில்லையே என்று திகைக்கிறார்கள். அங்கு கணக்கின் பாஸ்வேர்டையே கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் இயல்பாக அனுமதிப்பதில்லை. இதற்காகப் பாஸ்வேர்டு பாதுகாப்பை எடுத்துவிடாமல், கோப்புப் பகிர்வுக்கென்று தனிக் கணக்கு ஒன்றைப் பாஸ்வேர்டுடன் உருவாக்குவதே நல்லது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, புரோ வகையில் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை இயல்பாகவே மறுக்கிறது என்பதையும் இங்கே கூற வேண்டும்.

இணைப்புக் கொடுக்க வரும் நிறுவனங்களின் ஊழியர்கள், வீட்டில் ஏற்கெனவே ரவுட்டர் இருக்கிறதா என்று கேட்டு, அதை ஆக்ஸஸ் பாயிண்டாக மாற்றித் தந்தாலே இத்தகைய புகார்களில் பாதி எழாது என்பது என் உறுதியான கருத்து. சேவை நிறுவனங்கள் இதை அவர்களுடைய பணியின் ஒரு பகுதியாக ஆக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே யாரிடமாவது பழுது பார்த்தவர்கள், விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் இயங்குகிறதா என்றும், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்.எம்.பி. 1.0 என்ற வரிக்கு நேரே குறியிடப்பட்டுள்ளதா என்றும் இன்றே பார்க்க வேண்டும். குறி இருந்தால் எடுத்துவிட்டுக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி.