நீட்டறதைப் பாரு மாப்ளே

கோபி

அன்புள்ள மாப்ளே,

கடுதாசி கிடைச்சுது. வெள்ளாமைச் சேதியெல்லாம் பொழுதோட போன்ல பேசிக்கலாம். முட்டி மாத்து ஆபரேஷன் வார்டுக்கு உன்னை பிசியோவாப் போட்டிருக்காங்கன்னு எழுதியிருந்தயே, அதுக்கு மட்டும் பதில்.

அங்க எல்லாரும் "எத்தனை டிகிரி மடங்குது?"ன்னுதான் கேப்பாங்க. 90 வந்துட்டா வீட்டுக்கு அனுப்பற அவசரம். நீ நீட்டறதைப் பாரு. நடக்கையில காலை வீச 60 டிகிரி சொச்சம் மடங்கினாப் போதும். குதிகால் தரையில படறப்ப முட்டி கிட்டத்தட்ட நேரா நிக்கணும். 10, 15 டிகிரி நீளாமப் போச்சுன்னா அந்தக் கால் குட்டையான மாதிரி விந்தி நடப்பாங்க, தொடைத்தசையும் சீக்கிரமே சோர்ந்துடும். மடக்கறது ரெண்டு மாசம் கழிச்சும் கூடிவரும். முட்டிக்குப் பின்பக்கம் இறுகிட்டா லேசுல இளகாது.

கெடுக்கறது தலகாணிதான். பாக்க வர்ற ஒறம்பரையில யாராச்சும் பாவம்னு முட்டிக்கடியில சொருகிட்டுப் போயிடுவாங்க. அதை உருவிட்டு, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கடியில வை. முட்டியும் கெண்டைக்காலும் அந்தரத்துல நிக்கணும். 5 நிமிஷத்துல ஆரம்பிச்சு 10 வரைக்கும், நாளைக்கு மூணு நாலு தடவை. முட்டியைக் கீழ அமுத்தி 5 எண்ணறதையும் பத்துப் பத்தாச் செய்யச் சொல்லு. வலி மாத்திரை போட்டு முக்கால் மணி கழிச்சுப் போ, இல்லைன்னா கட்டிலைப் பிடிச்சுட்டு விடமாட்டாங்க.

நீ கையால நீட்டினா நேராகுது, அவங்களாத் தூக்கினா முட்டி தொங்குதுன்னா அது இறுக்கமில்ல, தசைக்குப் பலமில்ல. அதுக்குத் துண்டு ஆகாது, தசையை வேலை வாங்கணும். வலிக்குன்னு ஊசி போட்டு நரம்பை மரக்கடிச்சிருந்தா முதல் நாள் முட்டி சட்டுனு மடங்கிடும். காலை நேராத் தூக்க முடியாதவங்களை முட்டி மடங்காமப் பிடிக்கற பிரேஸ் கட்டாம நிக்க வைக்காதே.

வாக்கர் பாதிப்பேருக்கு இரவல்தான். நாலு கால்லயும் பட்டன் ஒரே ஓட்டையில விழுந்திருக்கா, ரப்பர் தேஞ்சிருக்கான்னு பாரு. கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்புக்குச் சரியாக் கைப்பிடி வரணும். தணிஞ்சிருந்தா குனிஞ்சு, முட்டியை மடக்கியே நடப்பாங்க. செஞ்சதெல்லாம் வீண்.

வீட்டுக்குப் போனதும் உப்பு ஒத்தடமும் எண்ணெயும் ஆரம்பிச்சுடும். ஆரம்ப வாரங்கள்ல சூடு வீக்கத்தைத்தான் கூட்டும்; துணியில சுத்தின ஐஸ் 15 நிமிஷம். கெண்டைக்கால் வீங்கி வலிச்சா யாரும் நீவப்படாது, உள்ள ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம், உடனே டாக்டர்.

பவானிப் பக்கத்து ஜமக்காள நெசவுக்காரங்க வந்தா "எப்பங்க தறியில உக்காரலாம்?"ம்பாங்க. அது குழித்தறி; குழிக்குள்ள காலைத் தொங்கவிடற மடக்கம் தாங்கிடும். தரைமட்டத்துல இருந்து எந்திரிக்கறதும், பகல் பூரா முட்டி மடங்கியே கிடக்கறதும்தான் சிக்கல். எப்பன்னு சர்ஜன் சொல்லட்டும். மணிக்கொருக்கா எந்திரிச்சு, குதிகாலை முக்காலி மேல வெச்சு நீட்டணும்னு நீ சொல்லி அனுப்பு.

அப்பாருக்கும் முட்டி வலின்னயே, எக்ஸ்ரேவை வாட்சப்புல அனுப்பு. அம்மிணியைக் கேட்டதாச் சொல்லு.

உன் மச்சான்