ஸ்டெப்னி இரண்டு வேண்டும்

கண்ணு,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, சாமானையெல்லாம் தரையில் பரப்பி எடுத்திருக்கிறாய். லோடு எண்ணிப் பழகிய கண் சும்மா இருக்குமா, எண்ணிவிட்டேன். கூடாரம் ஒன்று, தண்ணீர் கேன் இரண்டு, கேஸ் அடுப்பு ஒன்று, ஸ்டெப்னி ஒன்று, மடக்கு நாற்காலி ஒன்று, தட்டு ஒன்று.

ஸ்டெப்னி ஒன்று போதாது. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் மரீயிலிருந்து மார்லா வரை 620 கிலோமீட்டர், ஊட்னடாட்டா தடம் முழுக்க மண் ரோடு என்று நீதானே சொன்னாய். (மரீ என்று நான் படித்ததும் உங்கம்மா மாரியாத்தா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சரி, காவலுக்கு ஆகட்டும்.) கூரான சரளை டயரைப் பக்கவாட்டில் கிழிக்கும். அங்கே கிழிந்தால் பஞ்சர் நிற்காது. காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மெதுவாகப் போ. இறக்கிய காற்றோடு விரட்டினால் டயர் சூடேறி வெடிக்கும். தார் ரோடு ஏறியதும் மறக்காமல் காற்றை ஏற்று.

நமக்கு 620 என்பது ஒரு ராத்திரி ஓட்டம். ஆனால் வழியில் எத்தனை டீக்கடை, எத்தனை பட்டறை! அங்கே மரீயை விட்டால் வில்லியம் கிரீக் வரை 200 கிலோமீட்டருக்கு டீசல் கிடையாதாம். பழைய கான் ரயில் ஓடிய வழியாம், 1980-ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ரயிலே வேண்டாமென்று விட்டுப்போன வழியில் உனக்கு என்ன வேலை?

பொழுது சாய்ந்தால் ஓட்டாதே, மாடோ கங்காருவோ எது குறுக்கே வரும் என்று தெரியாது. மழை பெய்து ரோட்டை அடைத்தால் அடைத்ததுதான், காத்திரு. வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நகராதே. 1998 டிசம்பரில் ஐர் ஏரிப் பக்கம் வண்டி மணலில் சிக்கியதும், ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஒரு பெண் வில்லியம் கிரீக்குக்கு நடந்தே போய்விடலாம் என்று கிளம்பி வழியிலேயே இறந்துபோனாள். வண்டிக்குத் திரும்பிவிட்ட துணைவன் பிழைத்தான். தண்ணீர் கேன் இரண்டு போதாது. ஸ்டெப்னியும் போதாது.

லாரி ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என் மகன் பாலைவனத்தில் தானே வண்டி ஓட்டிப் போகிறான் என்று. மூன்று வாரமாகப் போன் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மருமகளோடு பேசினேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். நீ எந்தத் தேதி கிளம்புகிறாய் என்று கேட்டேன். "அவரையே கேளுங்க மாமா" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், உங்கம்மாவுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் நான் போன வடக்கு லோடுகளில் பாதி, முதலாளி கொடுத்ததில்லை, நானாகக் கேட்டு வாங்கியது. வீட்டில் ஒரு பேச்சு தடித்தால் மறுநாள் காலை எனக்கு இந்தூர் லோடு வந்துவிடும். நாலாம் வகுப்பில் உனக்கு மஞ்சள் காமாலை வந்ததே, அப்போது வண்டி பிரேக்டவுன் என்று எஸ்டிடி பூத்திலிருந்து சொன்னேன். வண்டிக்கு ஒன்றுமில்லை. பைபாஸ் ஓரம் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கேபினில் மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். கிளீனர் பையன் தினமும் கேட்டான், "போலாமாண்ணே?" என்று. நல்லாத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது நீ பாதியாக இளைத்திருந்தாய், என்னைப் பார்த்ததும் அம்மா முதுகுக்குப் பின்னால் போய் நின்றாய்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்டெப்னி இன்னொன்று வாங்கு. மார்லா போய்ச் சேர்ந்ததும் பாப்பாவுக்குப் போன் போடு, அப்புறம் எனக்குப் போடு. நாளானால் வண்டி பிரேக்டவுன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

அப்பா