இருண்ட செல் எல்லாம் தொற்றாத செல் அல்ல
ஃப்ளூ ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

இன்ஃப்ளுயன்சா வைரஸுக்குள் ஒளிரும் புரதம் ஒன்றின் மரபணுவைச் செருகி, அது எந்தச் செல்லில் புகுந்தது, எவ்வளவு பெருகியது என்று பார்க்கும் கட்டுரைகள் உங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அப்படி எழுதி அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும் அந்தப் படங்கள் அழகானவைதான். பச்சை தெரியும் இடத்தில் வைரஸ் இருக்கிறது என்றால் ஏற்றுக்கொள்ளலாம். பச்சை தெரியாத இடத்தில் வைரஸ் இல்லை என்று எழுதினால் அதையும் அப்படியே விட்டுவிடுகிறீர்களே, அதுதான் என் குறை.

கணக்கைப் பாருங்கள். ஃப்ளூ ஏ வைரஸின் மரபுத்தொகுதி எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகள், எல்லாம் சேர்த்தும் சுமார் 13,500 எழுத்துகள்தான். அதில் மிகச் சிறிய துண்டான என்.எஸ். 890 எழுத்து. பச்சை ஒளிர் புரதத்தின் மரபணுவோ 700க்கும் மேல். கிட்டத்தட்ட தன் எடைக்குச் சமமான சுமையை அந்தத் துண்டின் தலையில் ஏற்றுகிறோம். அதைச் சுமப்பதால் வைரஸுக்கு ஒரு பயனும் இல்லை. அதன் படியெடுக்கும் நொதி பிழை திருத்தாது; நடுவில் தாவி ஒரு பகுதியை விட்டுவிட்டுப் போவதும் உண்டு. சுமையை உதறிய வைரஸ் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகும். சில பாசேஜ்கள் (வைரஸைச் செல்களில் மறுபடி மறுபடி வளர்க்கும் சுற்றுகள்) போதும், குடுவைக்குள் இருப்பது நாம் செய்த வைரஸா, அதன் ஒளியிழந்த வாரிசா என்று சொல்ல முடியாமல் போக.

நானே இதில் விழுந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் சுண்டெலிகளுக்கு ஒளிரும் வைரஸைக் கொடுத்து, மூன்றாம் நாள் நுரையீரலை வெட்டிப் பார்த்தோம். மூச்சுக்குழல் ஓரங்களில் பச்சை, காற்றறைகளில் ஒன்றுமில்லை. ‘வைரஸ் அங்கே போகவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதி, மாநாட்டுக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டோம். உடன் வேலை செய்த மாணவி, யாரும் கேட்காமலே, அதே வெட்டுகளில், வைரஸின் என்.பி. புரதத்தில் ஒட்டி அதைச் சிவப்பாகக் காட்டும் ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்தார். காற்றறைகள் முழுக்கச் சிவப்பு! பிறகு ஸ்டாக்கை, அதாவது சோதனைக்கென வளர்த்துவைத்த வைரஸ் இருப்பை, எடுத்து பிளாக் வளர்த்தோம்; செல் விரிப்பில் ஒரு வைரஸ் பெருகிச் செல்களைக் கொன்று உண்டாக்கும் ஓட்டைதான் பிளாக். சின்ன பிளாக்குகள் ஒளிர்ந்தன. பெரியவை இருட்டாகவே கிடந்தன. தேவைக்கு மேல் இரண்டு முறை, அதுவும் நீர்க்காமல், வளர்த்ததன் பலன். சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம்.

இந்தக் கருவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1999இல் பிளாஸ்மிட் எனும் டி.என்.ஏ. வளையங்களை மட்டும் கொண்டு ஃப்ளூ வைரஸை ஆக்கும் வழி கிடைத்ததிலிருந்து வந்த நல்ல விளைச்சல்களில் இதுவும் ஒன்று. 2014இல் வெளியான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் புரதத்துக்குப் பதில் கிரீ என்ற நொதியை வைரஸில் வைத்தார்கள். அது, இதற்கென்றே மரபணு மாற்றிய சுண்டெலியின் செல்லுக்குள், செல்லுக்கு நிறமூட்டும் ஒரு மரபணுச் சுவிட்சைத் தட்டிவிடும். அதன்பின் வைரஸ் போய்விட்டாலும் செல்லின் நிறம் போகாது. தொற்றிய செல்கள் செத்துத்தான் போகும் என்று பரவலாக நம்பியிருந்த காலம். ஆனால் மூச்சுக்குழலின் உள்வரியில் இருக்கும் கிளப் செல்கள் என்ற வகையில் சில பிழைத்து, நோய் தணிந்த பிறகும் நிறத்தோடு அங்கேயே இருந்தன. வைரஸ் புரதமே மிஞ்சாத நிலையில் எந்த ஆன்டிபாடி இதைக் காட்டியிருக்கும்?

ஆனால் செல் இருட்டாக இருக்கச் செருகலை இழப்பது மட்டும்தான் காரணம் என்றில்லை. வைரஸ் துகள்களில் பெரும்பாலானவை தம் புரதங்களில் ஏதோ ஒன்றையாவது செல்லுக்குள் உருவாக்கத் தவறுகின்றன. என்.எஸ். துண்டு வேலை செய்யாத துகள் புகுந்த செல்லில், மற்ற வைரஸ் புரதங்கள் இருந்தும் பச்சை வராது. பச்சைப் புரதம் உருவான பிறகும் ஒளிர்வதற்கு நேரமும் ஆக்சிஜனும் வேண்டும். போதாக்குறைக்கு, அந்தத் துண்டு தரும் என்.எஸ்.1 புரதம்தான் செல்லின் இன்டர்ஃபெரான் தற்காப்பை அடக்குவது. அதனோடு ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்துவிட்டு, தற்காப்பைப் பற்றியே முடிவு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நானோலூக் போன்ற சின்ன லூசிஃபெரேஸை (ஒளி உண்டாக்கும் நொதியை) பி.ஏ. என்ற வேறொரு துண்டில் வைத்தால் சுமை குறையும். ஆனால் உயிருள்ள விலங்கை வெளியிலிருந்து படமெடுத்தால் கிடைப்பது நுரையீரல் மொத்தத்தின் வெளிச்சம். எந்தச் செல் என்று அது சொல்லாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. ‘தொற்றவில்லை’ என்ற சொல் வரும் எந்தக் கட்டுரையிலும், இருண்ட செல்களில் என்.பி. பார்த்தீர்களா என்று கேளுங்கள். சோதனைக்கு எடுத்த அதே ஸ்டாக்கில் எத்தனை பிளாக்குகள் ஒளிர்ந்தன, அது எத்தனையாவது பாசேஜ் என்பது கட்டுரையின் உடலிலேயே வரட்டும். துணைக்கோப்பின் பதினோராவது படத்தில் வேண்டாம். சோதனை முடிந்த அன்று நுரையீரலிலிருந்து மீட்ட வைரஸையும் அப்படியே எண்ணச் சொல்லுங்கள், ஏனென்றால் இழப்பு விலங்குக்குள்ளும் தலைகாட்டும். செருகல் இல்லாத தாய் வைரஸும் பக்கத்தில் நிற்க வேண்டும்: வளர்ச்சி வளைகோடு, எலியின் எடை இழப்பு இரண்டிலும். இவை ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்காத வேலைகள்.

மதிப்பாய்வாளர்களுக்குத் தனியாக ஒன்று. பத்தில் ஒரு பிளாக் ஒளியிழந்தது என்று நேர்மையாக எழுதியவரின் கட்டுரையை ‘வைரஸ் நிலையற்றது’ என்று நிராகரிக்கிறீர்கள். எண்ணிப் பார்க்கவே இல்லாதவரின் கட்டுரை தடையில்லாமல் போய்விடுகிறது. இது தொடரும்வரை எவரும் எண்ணமாட்டார்கள். எண் மோசமாக இருந்தால், அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவு இன்னும் நிற்கிறது என்று ஆசிரியரைக் கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கட்டும்.

அன்புடன்,
ஒளியிழந்த ஸ்டாக்கை இன்னும் உறைபெட்டியில் வைத்திருக்கும் ஓர் ஆய்வாளன்